சொல் செய்யும் வேலை: மலேசியக் கல்விச் சட்டமும் தமிழ்ப் பெற்றோரும்

(பிரிக்பீல்ட்ஸில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



அழைப்பிதழில் கல்விக் கொள்கையும் மொழிபெயர்ப்பும் என்று போட்டிருக்கிறீர்கள். அகலமான தலைப்பு. அதில் ஒரு முழத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டின் கல்விச் சட்டங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதப்படுகின்றன. அவற்றின் சொற்கள் தமிழாகித்தான் கிள்ளானிலும் காப்பாரிலும் ஷா ஆலமிலும் இருக்கிற தமிழ்ப் பெற்றோரிடம் வந்து சேர்கின்றன. வந்து சேரும்போது வழியில் எது தவறிப் போகிறது என்பதுதான் இன்று என் பேச்சு.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். கல்விக் கொள்கையில் வரும் ஒரு சொல் மூன்று கேள்விகளுக்கு விடை வைத்திருக்கிறது: யார் பணம் கொடுப்பது, யார் முடிவெடுப்பது, பிள்ளை அடுத்து எங்கே போவது. தமிழில் சொல்லும்போது இந்த மூன்றும் வந்துவிட்டால் சொல் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை. இவை வராவிட்டால், அகராதிக்கு எவ்வளவு பொருந்தினாலும் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு பெற்றோர் ஒன்றும் செய்ய முடியாது.

1. டச்சுக்காரர் பட்ட பாடு

இதைக் காட்ட நெதர்லாந்திலிருந்து தொடங்குகிறேன். 1641இல் மலாக்காவைப் பிடித்தவர்கள் என்பதற்காக அல்ல. அவர்களுடையது ஒரு நடுத்தர மொழி. தங்கள் கல்வி முறையை உலகத்துக்கு ஆங்கிலத்தில் விளக்கியே தீர வேண்டிய நிலை. அவர்களுடைய நஃபிக் நிறுவனம் இதற்கென்றே டச்சு–ஆங்கிலச் சொற்பட்டியல் வைத்திருக்கிறது.

அவர்களிடம் ‘பைசொண்டர் ஒண்டர்வைஸ்’ என்று ஒரு சொல் உண்டு. நேராகப் பெயர்த்தால் ‘சிறப்புக் கல்வி’. ஆங்கிலத்தில் அப்படிப் போட்டால் உடற்குறையோ கற்றல் குறைபாடோ உள்ள பிள்ளைகளுக்கான பள்ளி என்றுதான் படிப்பவர் நினைப்பார். ‘தனியார் பள்ளி’ என்று போட்டால் கட்டணம் எவ்வளவு என்று கேட்பார். இரண்டும் பிழை. கத்தோலிக்கரோ புராட்டஸ்டண்டுகளோ, ஒரு குறிப்பிட்ட கல்விமுறையை நம்பும் பெற்றோரோ சங்கம் வைத்து நடத்தும் பள்ளி அது. செலவு முழுவதும் அரசுடையது. 1917இல் அரசியலமைப்பைத் திருத்தி, அரசுப் பள்ளிக்குக் கிடைக்கும் அதே பணம் இந்தப் பள்ளிகளுக்கும் உண்டு என்று எழுதினார்கள். இன்று அது 23ஆம் பிரிவு. அந்த நாட்டின் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பான்மையோர் இத்தகைய பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். பெரும்பான்மையோர் படிக்கும் பள்ளிக்குச் ‘சிறப்பு’ என்று பெயர்! கைதேர்ந்த மொழிபெயர்ப்பாளர் இதை ஒரே சொல்லில் அடைக்கப் பார்ப்பதில்லை. ‘அரசுப் பணத்தில், தனி அமைப்பு நடத்தும் பள்ளி’ என்று நீட்டியே எழுதுகிறார்.

இன்னொன்று ‘ஸ்கோல்அட்வீஸ்’. சொல்லுக்குச் சொல் ‘பள்ளி ஆலோசனை’. ஆலோசனை என்றால் கேட்கலாம், விடலாம். அங்கே அப்படியில்லை. பன்னிரண்டு வயதில் பிள்ளை எந்த வகை இடைநிலைக் கல்விக்குப் போகும் என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது தொடக்கப்பள்ளி தரும் இந்த ஆலோசனைதான். அத்துடன் ஒரு தேர்வும் உண்டு. அதில் பிள்ளை கூடுதலாக எடுத்தால் பள்ளி தன் ஆலோசனையைப் பொதுவாக உயர்த்த வேண்டும், குறைவாக எடுத்தால் தாழ்த்தக் கூடாது. அங்கே குடியேறிய பெற்றோர் ‘ஆலோசனை’ என்ற சொல்லை நம்பிப் பேசாமல் இருந்துவிட்டால், பேச வேண்டிய காலம் கடந்துவிடும்.

மூன்றாவது ‘ஹோகஸ்கோல்’. எழுத்துப்படி ‘உயர்பள்ளி’. உண்மையில் இளங்கலைப் பட்டம் தரும் தொழில்சார் உயர்கல்வி நிலையம். ஆங்கிலத்தில் ‘பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம்’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். டச்சு மொழியில் பல்கலைக்கழகம் என்ற பெயர் அவற்றுக்குக் கிடையாது. இதில் கொஞ்சம் விளம்பர வாடை அடிக்கிறது என்பது என் எண்ணம். ஆனாலும் படித்து முடித்தவர் கையில் என்ன இருக்கும் என்பதை அந்தப் பெயர் சொல்லிவிடுகிறது.

2. ‘வகை’ என்ற சிறு சொல்

நம் ஊருக்கு வருவோம். இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் விவேகானந்தா தமிழ்ப்பள்ளி இருக்கிறது. கிள்ளானில் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி, நாட்டிலேயே மிகப் பெரிய தமிழ்ப்பள்ளி என்று பேசப்படுவது. இரண்டின் பலகையிலும் ‘தேசிய வகை’ என்ற அடை இருக்கும். மலாயில் ‘ஜெனிஸ் கெபங்சான்’. 1956இன் ரசாக் கல்வி அறிக்கையில் இது வேறு உருவில் இருந்தது: மலாய்ப் பள்ளி ‘ஸ்டாண்டர்ட்’ பள்ளி, மற்ற மொழிப் பள்ளிகள் ‘ஸ்டாண்டர்ட் டைப்’ பள்ளி. 1960இன் ரஹ்மான் தாலிப் கல்வி அறிக்கைக்கும் 1961இன் கல்விச் சட்டத்துக்கும் பிறகு ‘ஸ்டாண்டர்ட்’ இருந்த இடத்தில் ‘தேசிய’ வந்தது. ‘டைப்’ அப்படியே தங்கிவிட்டது. நாம் அதை ‘வகை’ ஆக்கிக்கொண்டோம்.

தமிழில் ‘வகை’ சாதுவான சொல். தேசியப் பள்ளிகளில் இதுவும் ஒரு வகை என்றுதான் காதில் விழுகிறது. சட்டத்தில் அது அப்படிச் சாதுவாக இருக்கவில்லை. 1961 சட்டத்தின் 21(2)ஆம் பிரிவு, தேசிய வகைத் தொடக்கப்பள்ளி ஒன்றைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தைக் கல்வி அமைச்சரிடம் கொடுத்திருந்தது. பலகையில் ‘வகை’ இருந்த பள்ளிக்குத்தான் அந்த ஆபத்து. 1996இன் புதிய கல்விச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. முப்பத்தைந்து ஆண்டு தலைக்கு மேல் தொங்கிய ஒன்று இறங்கிய பிறகும் பெயர் மாறவில்லை, தமிழும் மாறவில்லை. முன்னும் பின்னும் படித்தவருக்கு ஒரே ‘தேசிய வகை’தான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொடக்கப்பள்ளியில் ‘தேசிய வகை’ என்றால் இன்று சீனத்திலோ தமிழிலோ கற்பிக்கும் பள்ளி. இடைநிலையில் ‘தேசிய வகை’ என்று பலகை போட்ட பள்ளிகளில் கற்பிப்பது மலாயில். 1960களின் தொடக்கத்தில் அரசு உதவிக்காகப் பயிற்றுமொழியை மாற்ற ஒப்புக்கொண்ட சீன இடைநிலைப்பள்ளிகள் அவை. முதலில் ஆங்கிலத்துக்கும் பிறகு மலாய்க்கும் மாறின. 1970க்கு முன் ஆங்கிலத் தொடக்கப்பள்ளிகளும் இதே அடைமொழியைச் சுமந்தன. ஒரே அடைமொழி மூன்று விதமான பள்ளிகளுக்கு இருந்திருக்கிறது. ஆகவே ‘தேசிய வகை’ என்று பெயர்த்ததில் மொழிப்பிழை ஒன்றும் இல்லை. அது பெற்றோருக்கு எதையும் சொல்லவில்லை என்பதுதான் குறை.

3. ‘பகுதி உதவி’: நாம் நன்றாகச் செய்த ஒன்று

குறை மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. மலாயில் ‘பந்துவான் மோடால்’ என்பார்கள், எழுத்துப்படி ‘மூலதன உதவி’. நம் இதழாளர்களோ ஆசிரியர்களோ, யார் முதலில் எழுதினார்களோ, அதைப் ‘பகுதி உதவி பெறும் பள்ளி’ என்றார்கள். சொல்லின் வடிவத்தை விட்டுவிட்டு நிலைமையைச் சொன்னார்கள். ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும். கட்டடம் என்று வரும்போது மேலாளர் வாரியமும் ஊராரும் மடியை அவிழ்க்க வேண்டியிருக்கும். மலாய்ச் சொல் இதைச் சொல்லவில்லை, தமிழ்ச் சொல் பாதியாவது சொல்லிவிடுகிறது.

மீதிப் பாதி நிலம். 1923இன் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கிற தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி வந்தது, நிலம் கம்பெனியிடமே இருந்தது. ஹைலண்ட்ஸ், மிட்லண்ட்ஸ், எமரால்டு என்று இன்றும் தோட்டப் பெயரோடு கிள்ளான் பள்ளத்தாக்கில் இயங்கும் பள்ளிகளின் வரலாறு இதுதான். தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேல் பகுதி உதவிப் பள்ளிகளாக இருப்பதற்கு நிலம் அரசிடம் இல்லாதது பெரிய காரணம். ‘அரசு நிலத்தில் இல்லாத பள்ளி’ என்ற விளக்கமும் கூட வந்தால், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் யாரிடம் எதைக் கேட்பது என்பது தெளிவாகிவிடும்.

4. தமிழையா, தமிழிலா

இன்று சற்று நேரம் எடுத்துச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், எனவே இலக்கணத்திலிருந்தே வருகிறேன்.

‘தமிழ்ப்பள்ளி’ என்பது என்ன தொகை? உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று உடனே சொல்வீர்கள். சரி, எந்த உருபு தொக்கிருக்கிறது? ‘தமிழைக் கற்பிக்கும் பள்ளி’ என்று விரித்தால் ஐ. ‘தமிழில் கற்பிக்கும் பள்ளி’ என்று விரித்தால் இல். வகுப்பறையில் இரண்டுக்கும் மதிப்பெண் கொடுத்துவிடலாம். நம் நாட்டின் நீதிமன்றங்களிலோ இந்த இரண்டு உருபுகளுக்கும் நடுவில்தான் பெரிய வழக்குகள் நடந்திருக்கின்றன.

கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு மலாயைத் தேசிய மொழியாக நிறுவுகிறது. உடனே இரண்டு காப்புகளையும் தருகிறது. அதிகாரப்பூர்வக் காரியம் அல்லாதவற்றுக்கு வேறு மொழியைப் பயன்படுத்துவதை யாரும் தடுக்கக் கூடாது. வேறு மொழியைக் கற்பிப்பதையோ கற்பதையோ தடுக்கக் கூடாது. இரண்டாவது காப்பில் ‘மொழியை’ என்றுதான் இருக்கிறது, ‘மொழியில்’ என்று இல்லை. சீனத்தில் கற்பிக்கும் மெர்டேக்கா பல்கலைக்கழகத்தைத் தொடங்க அனுமதி மறுக்கப்பட்ட வழக்கு 1982இல் கூட்டரசு நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிமன்றம் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டது. ஒரு மொழியைக் கற்பிப்பதற்கு அரசியலமைப்பு தரும் காப்பு, அந்த மொழியில் கற்பிப்பதற்கு அப்படியே நீளாது என்றது. பல்கலைக்கழகம் ஒரு பொது அதிகார அமைப்பு, அது சீனத்தைப் பயன்படுத்துவது அதிகாரப்பூர்வப் பயன்பாடு என்றும் முடிவு செய்தது. பல்கலைக்கழகம் வரவில்லை.

அந்தத் தீர்ப்பின் நிழல் தமிழ், சீனப் பள்ளிகளின் மேலும் விழுந்தது. இப்பள்ளிகளே அரசியலமைப்புக்குப் புறம்பானவை என்று சிலர் தொடுத்த வழக்கில், கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் அவை செல்லும் என்றது. பள்ளி பொது அதிகார அமைப்பு அல்ல, ஆகவே அங்கே தமிழோ சீனமோ பயிற்றுமொழியாக இருப்பது அதிகாரப்பூர்வக் காரியத்துக்கான பயன்பாடு ஆகாது என்பது அதன் வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரில் உயர் நீதிமன்ற முடிவை உறுதி செய்தது. 2024இல் கூட்டரசு நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுத்தவர்களுக்கு மேல்முறையீட்டு அனுமதி கிடைக்கவில்லை. பத்திரிகைகளில் ‘தாய்மொழிக் கல்விக்கு வெற்றி’ என்று வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் எந்த உருபு வென்றது என்பதைத் ‘தாய்மொழிக் கல்வி’ என்ற தொகை சொல்லவில்லை.

ஏன் இவ்வளவு அழுத்துகிறேன்? 1996 சட்டமே இந்த இரண்டு உருபுகளின் மேல்தான் நிற்கிறது. தேசியப் பள்ளியில் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழைக் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது: இது ஐ. தேசிய வகைப் பள்ளியில் முதன்மைப் பயிற்றுமொழி தமிழ்: இது இல். ‘எங்கள் பிள்ளைக்குத் தமிழ் கிடைத்தால் போதும்’ என்று சொல்லும் பெற்றோருக்கு நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்தத் தமிழ் என்பதே. ‘தமிழ்ப் போதனை வசதி’ என்று சுற்றறிக்கையில் எழுதிவிட்டால் உருபு மறைந்துவிடும், வேறுபாடும் அதோடு போய்விடும். ஆங்கிலத்திலும் மலாயிலும் இந்த வேறுபாட்டைக் காட்டத் தனிச்சொல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நமக்கு ஓர் எழுத்தோ இரண்டு எழுத்தோ போதும். அப்படிப்பட்ட மொழியை வைத்துக்கொண்டு தொகையில் ஒளிந்துகொள்வது நியாயமில்லை.

2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்குப் போனபோது என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். பலகை மாறவில்லை. தமிழ்மொழிப் பாடமும் போகவில்லை. ‘தமிழ்ப்பள்ளி’ என்ற தொகைக்குள் மட்டும் ‘இல்’ சுருங்கி ‘ஐ’ பெருத்தது. அந்தத் திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. 2016இல் அடுத்தது வந்தது, ‘இருமொழித் திட்டம்’ என்ற பெயரில். இருமொழி என்றால் ஒன்றோடு ஒன்று கூடும் என்று யாருக்கும் தோன்றும். தமிழ்ப்பள்ளி ஒன்று இதை எடுத்துக்கொண்டால் நடப்பது, தமிழில் இருந்த கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்குப் போவது. அது நல்லதா கெட்டதா என்று இந்த மேடையில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. 2017இல் தமிழ்ப்பள்ளி வட்டாரங்களில் இதையொட்டி எழுந்த சண்டையில் இரு தரப்பும் ஒரே சொல்லுக்கு வேறுவேறு பொருள் வைத்துக்கொண்டு மோதின என்பதை மட்டும் சொல்கிறேன். ‘கணிதம், அறிவியல் ஆங்கிலத்தில்’ என்று பெயர் வைத்திருந்தால் சண்டை நடந்திருக்கும், ஆனால் விஷயத்தைப் பற்றி நடந்திருக்கும்.

5. புகுமுக வகுப்பும் படிவமும்

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு முடித்த பிள்ளை, மலாய்மொழியில் தேவையான நிலையை எட்டாவிட்டால், முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு கூடுதலாகப் படிக்க வேண்டும். மலாயில் ‘பெராலிஹான்’, அதாவது மாறிச்செல்லும் வகுப்பு. ஆங்கிலத்தில் ‘ரிமூவ்’, பிரிட்டிஷ் பள்ளி வழக்கிலிருந்து வந்த பெயர். தமிழில் ‘புகுமுக வகுப்பு’. நெதர்லாந்தில் ‘ப்ருக்கிளாஸ்’, அதாவது பாலமாக அமையும் வகுப்பு, என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்தால் நம்முடையதன் உடன்பிறப்புப் போல இருக்கும். ஆனால் அது எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் இடைநிலையின் வழக்கமான முதலாண்டு, கூடுதல் ஆண்டு இல்லை. பெயர் ஒத்துப்போனதை நம்பி ஒன்றை மற்றொன்றாகப் பெயர்த்தால் ஒரு பிள்ளையின் ஓராண்டு கணக்கில் தவறும்.

தமிழுக்குள்ளேயே இந்தத் தவறு நேரும். தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வரும்வரை புகுமுக வகுப்பு என்றால் பள்ளியிறுதி தேறியவர் கல்லூரியில் வைக்கும் முதல் அடி, வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வது. அதே சொல் கிள்ளானில் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கூடுதல் ஆண்டு. ஐந்தாம் படிவத்தின் எஸ்பிஎம் தேர்வைத் தோழர்களைவிட ஓராண்டு பிந்தி எழுத வைப்பது. ‘புகுமுகம்’ என்ற மங்கலமான சொல் அந்த ஓராண்டை மறைத்துவிடுகிறது. பிள்ளைகள் ‘ரிமூவ்’ என்றே சொல்கிறார்கள், அவர்களுக்கு அதன் எடை தெரியும்.

இதற்கு எதிர்ப்பக்கம் ‘படிவம்’. இடைநிலைப் பள்ளியின் ‘ஃபார்ம்’ நமக்குப் படிவமானது. நாம் பூர்த்தி செய்து கையெழுத்திடும் படிவத்துக்கும் ஐந்தாம் படிவத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் ‘பாரம்’ என்று அப்படியே எடுத்துக்கொண்டு தப்பித்தார்கள். ஆனால் ‘படிவம்’ என்பதால் இங்கே யாராவது குழம்பியதுண்டா? ஐந்தாம் படிவம் என்றால் பதினேழு வயது, எஸ்பிஎம், அதன் பிறகு வழி பிரியும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யூபிஎஸ்ஆரும் அப்படித்தான். 1988 முதல் 2021இல் நீக்கப்படும்வரை அதற்குத் தமிழ்ப்பெயர் ஒன்று நிலைக்கவே இல்லை, யாருக்கும் தேவைப்படவும் இல்லை. எதைத் தீர்மானிக்கிற தேர்வு என்பது வீட்டுக்கு வீடு தெரிந்திருந்தது. அதன் இடத்தில் வந்திருக்கும் வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை ‘அடைவுநிலை’ போடுகிறார்கள். நல்ல தமிழ்ச்சொல், குறை சொல்ல முடியாது. ஆனாலும் அடைவுநிலை நான்கு வாங்கிய பிள்ளையின் தாய் ஆசிரியரிடம் கேட்பது, ‘டீச்சர், அப்ப பாஸா, பெயிலா?’ அந்த எண்ணால் என்ன திறக்கும், என்ன மூடும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

6. செய்யக்கூடியது

கலைத்திட்டச் சொற்களில் நம்மவர்கள் திறமையாகவே வேலை செய்திருக்கிறார்கள். உள்ளடக்கத் தரம், கற்றல் தரம், உயர்நிலைச் சிந்தனைத் திறன் எல்லாம் ஆசிரியர் கையில் பழகிவிட்டன. நான் கேட்பது வேறு ஒரு பட்டியல், பெற்றோருக்கானது. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரில் இணைச்சொல் மட்டும் போடாமல், எந்தச் சட்டத்தில் வருகிறது, யார் பணம், யார் முடிவு, பிள்ளைக்கு அடுத்து என்ன என்று நான்கு வரி. இருமொழித் திட்டத்துக்கு இப்படி வரும்: ‘கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம், 2016 முதல். பள்ளி விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் ஆதரவு நிபந்தனைகளில் ஒன்று. சேர்ந்தால் இந்தப் பாடங்களின் பயிற்றுமொழி மாறும்.’ படிக்க அரை நிமிடம் போதும்.

ஒவ்வொரு பதிவிலும் ஆண்டு இருக்க வேண்டும். 1961 சட்டத்தின் 21(2)ஆம் பிரிவு போன பிறகும் அது இருப்பதாக நினைத்துப் பேசுகிறவர்களை இன்றும் மேடைகளில் கேட்கிறேன். 2013–2025 கல்விப் பெருந்திட்டத்தின் காலமும் முடிந்துவிட்டது. அடுத்த ஆவணங்களோடு புதுச்சொற்கள் வரும், பழைய சொற்களில் சில பொருள் மாறும்.

இதற்குப் பெரிய நிதியோ புதுச் சங்கமோ வேண்டாம். பத்துச் சொற்களோடு தொடங்குங்கள். எழுதியதைப் பேராசிரியர்களிடம் காட்டுவதற்கு முன் ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். பின்வரிசையிலிருந்து யாராவது ‘அப்ப இதுக்கு யார் கட்டணும்?’ என்று கேட்டால் அந்தப் பதிவை எடுத்து வைத்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.